நாலாவது நாள்

மூடுபனி இறங்கினால் நன்றாக இருக்கும் என்று பிலோ நினைத்தாள். நினைத்த மறு நொடியே, சீ, இதென்ன நினைப்பு, பெத்த அப்பா வந்துகொண்டிருக்கிற கப்பலுக்கா மூடுபனி கேட்கிறாய் என்று தன்னையே ஏசிக்கொண்டாள். ஏசினாலும் கண் என்னவோ ஜன்னலுக்கு வெளியே, கடல்மேல் வெள்ளையாக ஏதாவது தட்டுப்படுகிறதா என்றுதான் துழாவிக்கொண்டிருந்தது. ஒன்றும் இல்லை. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், வருஷத்தில் முக்கால்வாசி நாள் மழையும் மப்புமாகக் கிடக்கிற ஒரு சின்னத் தீவில், இன்றைக்குப் பார்த்து வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. மே மாதச் சனிக்கிழமை, மத்தியானம் ஒன்றே முக்கால். ரெண்டு பத்துக்குக் கப்பல் துறைக்கு வரும். மூன்று மணிக்குக் கச்சேரி. கீழே மோராக் நாற்காலிகளை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. மோராக்தான் இந்த வீட்டுக்காரி, தன் வீட்டுக் கூடத்திலேயே கச்சேரி வைக்கச் சொல்லி அவளை வரவழைத்தவள். இருபத்தெட்டு நாற்காலி, அக்கம்பக்கத்து வீடுகளில் இரவல் வாங்கியது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம். அதில் ஒன்றில் அப்பா உட்காரப் போகிறார். உட்கார்ந்து, ஏழாவது பாட்டுக்கு முன்னால் தன் மகள் தன்னைச் சாகடிப்பதைக் கேட்கப் போகிறார். கப்பலுக்கு ஒன்றும் ஆகவேண்டாம் மாதாவே, இயந்திரக் கோளாறு போதும், ஆளுக்குச் சேதமில்லாத சின்னக் கோளாறு, அக்கரையிலேயே நிற்கட்டும், அவர் ஒரு டீயைக் குடித்துவிட்டு வந்த வழியே ரயிலேறி அபர்டீனுக்குப் போய்ச் சேரட்டும். இப்படியும் ஒரு வேண்டுதல். முப்பத்தெட்டு வயசுக் கழுதைக்கு வேண்டுதலைப் பார் என்று அம்மா இருந்தால் சொல்லியிருப்பாள். அம்மா இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது, அதுதான் விஷயம். அம்மா போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு அப்பா போன் பண்ணினார். கப்பல் டிக்கட் போட்டாச்சு பிள்ள, என்றார். மூணு மணிக்குத்தானே, நீ ஒண்ணும் துறைக்கு வராண்டாம், நானே கேட்டு விசாரிச்சு வந்துருதேன், நாலரைக் கப்பல்ல திரும்பிருவேன், உனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. அவள் ஏன் வேண்டாம் என்று சொல்லவில்லை. எத்தனை சாக்கு இருந்தது. டிக்கட் தீர்ந்துவிட்டது என்றிருக்கலாம். இடம் சின்னது, உங்கள் முட்டிக்குப் படி ஏற முடியாது என்றிருக்கலாம். சரிப்பா என்று வாயில் வந்துவிட்டது, வந்தபிறகு நாக்கைக் கடித்து என்ன. பன்னிரண்டு வருஷமாக அப்பா ஒரு கச்சேரிக்கும் வந்ததில்லை. முதலில் அவர் வேலை அப்படி. வட கடலில் எண்ணெய் எடுக்கிற இரும்பு மேடையில் சமையல்காரர். ரிக்கு என்பார்கள் வீட்டில். மூன்று வாரம் கடலில், மூன்று வாரம் வீட்டில், போக வர ஹெலிகாப்டர். தூத்துக்குடியில் கப்பல் கப்பலாகச் சமைத்த லியோன் மச்சாது, நாலு வயசு மகளையும் மனைவி செசிலியையும் கூட்டிக்கொண்டு அபர்டீனுக்கு வந்தது அந்த வேலைக்குத்தான். வேலை விட்ட பிறகும் அவர் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் அம்மா ஏதாவது சொல்லுவாள். அப்பாவுக்குச் சளி. அப்பாவுக்கு அன்னைக்குக் கோயில்ல கூட்டம். அம்மா சொல்லச் சொல்ல பிலோவுக்கு மூச்சு வரும். தடுப்பதற்கு ஒரு ஆள் இருந்தாள், இப்போது இல்லை, அவ்வளவுதான்.

சுயாதீனப் பாடகி என்று போஸ்டரில் போடுவார்கள். அர்த்தம் என்னவென்றால் அந்தப் போஸ்டரையும் அவளே ஒட்டவேண்டும். பாட்டு எழுதுவது, மெட்டுப் போடுவது, பதிவு பண்ணுவது, இசைத்தட்டை உறையில் போட்டு முகவரி எழுதித் தபாலாபீஸ் வரிசையில் நிற்பது, பழைய காரை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் நாற்பது பேருக்கும் பதினாறு பேருக்கும் பாடுவது, ஒரு தடவை ஒரு நாய்க்கும் அதன் எஜமானருக்கும் மட்டும் பாடியது, எல்லாம் அவளேதான். கம்பெனி கிடையாது, மேனேஜர் கிடையாது. ஃபிலோ மச்சாது என்ற பெயரைப் பார்த்துப் போர்ச்சுகல்காரி என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு, வாயைத் திறந்ததும் அபர்டீன் பேச்சு வருவதைக் கேட்டு முழிப்பார்கள், பாட்டு நடுவில் ஒரு தமிழ் வார்த்தை வரும்போது இன்னும் முழிப்பார்கள். அந்த ஒரு வார்த்தைதான் அவளுக்குச் சோறு போடுகிறது. ஹெலிகாப்டர் பாட்டு. பல்லவி முழுக்க இங்கிலீஷ், கடைசியில் மட்டும் அப்பா, அப்பா, அப்பா என்று மூன்று தடவை இறங்கும். ஜனங்கள் கூடவே பாடுவார்கள். இன்வெர்னஸிலும் டண்டியிலும் கிளாஸ்கோவிலும் செம்பட்டைத் தாடிக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஆப்பா, ஆப்பா என்று பாடுவதைப் பார்த்தால் சிரிப்பு வரும், முதல் ரெண்டு மூன்று வருஷம் வந்தது, அப்புறம் வருவதில்லை. முன்வரிசையில் யாராவது ஒருவர் அழுவார். எல்லா ஊரிலும் ஒருவராவது அழுவார். கச்சேரி முடிந்து மேசைக்கு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, என் அப்பாவும் போயிட்டார் என்பார். அவள் தலையை ஆட்டுவாள். தலையை ஆட்டுவது பொய்யா? வாயால் ஒன்றும் சொல்லவில்லையே. இப்படியே எத்தனை வருஷமாகக் கணக்குத் தீர்த்துக்கொள்கிறாய் பிலோ.

உள்ளங்கை வேர்த்து வழிந்தது. கிட்டாரைத் தொட்டால் தந்தியில் ஈரம் ஏறிவிடும், பாவாடையில் துடைத்துக்கொண்டாள். ஒரே கிட்டார். ரெண்டு கிட்டார் வைத்திருக்கிறவர்களுக்கு இந்தக் கதி வந்திருக்காது, சத்தியமாக வந்திருக்காது. மற்ற பாட்டுகளுக்கு ஒரு சுருதி, ஹெலிகாப்டர் பாட்டுக்கு மட்டும் வேறு. ஆறு தந்தியில் மூன்றைத் தளர்த்தி இறக்கவேண்டும், ஒன்றை இறக்கினால் இன்னொன்று விலகும், மறுபடி திருகவேண்டும், ஒரு நிமிஷம் ஒன்றரை நிமிஷம் ஆகும். அவ்வளவு நேரம் மேடையில் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியாது. ஜனங்கள் இருமுவார்கள், கிளாஸை எடுக்கப் போவார்கள். அதனால் கதை சொல்லவேண்டும். கதையின் நீளமும் திருகுகிற நேரமும் ஒத்துப் போகவேண்டும், இந்தத் தொழிலில் அது ஒரு கைப்பழக்கம். அன்றைக்கு, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், பெர்த்தில் ஒரு மதுக்கடையின் பின்கட்டில், புதுப் பாட்டு, முதல் தடவை. நடந்ததைத்தான் சொன்னாள். என் அப்பா கடல் நடுவில் சமையல்காரர். எனக்கு ஒன்பதாவது பிறந்தநாள், வியாழக்கிழமை வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். வியாழக்கிழமை மூடுபனி. அம்மா போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் ஜன்னலில் நின்று ஹெலிகாப்டர் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள். ரெண்டு நாள். மூணு நாள் காத்திருந்தோம், அவர் வரலை. சொல்லிக்கொண்டே ஆறாம் தந்தியைத் திருகினாள். அடுத்தது நாலாவது நாள். நாலாவது நாள்தான் சிரிப்பு. ரிக்கில் அவரே சுட்ட பிறந்தநாள் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு ஹெலிகாப்டரில் வந்தார், வழியில் யாரோ ஒரு தடியன் தெரியாமல் அதன்மேல் உட்கார்ந்துவிட்டான். அந்த இடத்தில் ஜனங்கள் சிரிப்பார்கள், சிரிப்பு அடங்கும்போது பாட்டைத் தொடங்கலாம் என்று வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்திருந்தாள். ஆனால் தந்தி முந்திக்கொண்டது. அவர் வரலை என்று சொன்ன அந்த நொடியில் சுருதி சேர்ந்துவிட்டது, சுத்தமாக, மணி அடித்த மாதிரி. சேர்ந்த சுருதியை வைத்துக்கொண்டு யார் காத்திருப்பார்கள், வெக்கையில் மறுபடி விலகிவிடும். அவள் பாட்டைத் தொடங்கிவிட்டாள். கடை அமைதியானது. கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவன் குழாயை மூடினான். அப்படி ஒரு அமைதி அதுவரை அவளுக்கு வாய்த்ததில்லை. பாட்டு முடிந்து அரை நிமிஷம் யாரும் கை தட்டவில்லை, அப்புறம் தட்டினார்கள், அப்புறம் ஒரு பெண் வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது, அக்கா, நாலாவது நாள் வந்துட்டாரு, இப்போ வீட்டில் மீன் பொரித்துக்கொண்டிருப்பாரு என்று?

சொல்லியிருக்கலாம். அன்றைக்கே சொல்லியிருந்தால் அது வெறும் வேடிக்கை. அடுத்த ஊரில் சொல்லியிருக்கலாம். அடுத்த ஊரில் அவள் மறுபடியும் மூணாவது நாளிலேயே நிறுத்தினாள், இந்தத் தடவை தெரிந்தே நிறுத்தினாள், தந்தி சேரும்வரை மெதுவாகப் பேசி, சரியாக அந்த வார்த்தையில் சேருகிற மாதிரி. அதுவரைகூடப் பொய் இல்லை, பாதியில் நிறுத்திய உண்மை. பொய் வந்தது ரேடியோவில். பேட்டி எடுத்தவர், உங்கள் காலஞ்சென்ற தந்தையைப் பற்றிய பாட்டு இல்லையா இது, என்று மரியாதையாகத் தாழ்ந்த குரலில் கேட்டார். பாட்டைப் போட மூன்று விநாடிதான் இருந்தது. அவள் ஆமாம் என்றாள். ஒரே ஒரு ஆமாம். ஆயுசுக்கும் சேர்த்து ஒரு ஆமாம். அதற்குப் பிறகுதான் கடிதங்கள், விழாக்கள், இன்வெர்னஸ் ஹாலில் எடுத்த நேரடி இசைத்தட்டு, அதில் அந்தக் கதையே தனியாக ஆறாவதாக இருக்கிறது. அப்பாவுக்கு எல்லா இசைத்தட்டையும் அனுப்பியிருக்கிறாள், அதை மட்டும் அனுப்பவில்லை. அம்மா ஒரே ஒரு தடவை டண்டிக்கு வந்தாள். பின்வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பும்போது காரில் அறுபது மைல் ஒன்றும் பேசவில்லை, சீட்டு பெல்ட்டைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள், அபர்டீன் விளக்குகள் தெரிந்தபோது மட்டும், அப்பாட்ட சொல்லாத, என்றாள். அவ்வளவுதான். ஏன் இப்படிப் பண்ணின என்று ஒரு வார்த்தை ஏசியிருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும். நிறுத்து, அதை இப்போது யோசிக்காதே, மணி ரெண்டு. அந்தப் பாட்டை இன்றைக்குப் பாடாமல் விட்டால் என்ன? பன்னிரண்டு பாட்டில் பதினொன்று. தொண்டை சரியில்லை என்று சொல்லலாம். கிட்டார்ப் பெட்டியில் தந்தி வெட்டுகிற குறடு இருந்தது, அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். ஆறாம் தந்தியை இங்கேயே வெட்டிவிட்டு, அறுந்துவிட்டது, மாற்றுத் தந்தி கொண்டு வரவில்லை என்று சொன்னால்? குறடு சில்லென்று இருந்தது. பெட்டியிலேயே மூன்று செட் தந்தி கிடக்கிறது, மோராக்கே காலையில் பார்த்தாள். பார்க்காவிட்டாலும் மோராக்கிடம் அதைச் சொல்ல முடியாது. மோராக்கிடம் மட்டும் முடியாது.

மோராக்கின் கடிதம் பையில் இருந்தது, மூன்றாக மடித்தது. என் கணவர், பெயர் காலம், கடலில் நண்டுக்கூடு போடப் போய்த் திரும்பவில்லை, படகு கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை. வெறும் பெட்டியை வைத்துச் சடங்கு பண்ண மனசில்லாமல் இசைத்தட்டில் உன் பாட்டை வைத்தோம். நீ சொல்லுகிற கதையையும் சேர்த்தே வைத்தோம். மூன்று நாள் ஜன்னலில் நின்ற பிள்ளையைப் பற்றிக் கேட்டபோதுதான் நான் முதல் தடவையாக அழுதேன். நீ வந்து என் வீட்டில் அதைப் பாடினால் போதும், வேறொன்றும் வேண்டாம். நாலு வருஷத்துக்கு முந்திய சாவு, கடிதம் போன தை மாதம் வந்தது. அதைப் படித்த அன்றைக்குப் பிலோவுக்குக் குளிர் ஜுரம் மாதிரி வந்தது. ஒரு வீட்டில் ஒரு பொம்பளை, காணாமல் போன புருஷனைத் தன் பொய்யை வைத்து அடக்கம் பண்ணியிருக்கிறாள். உண்மையைச் சொன்னால் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டின மாதிரி ஆகிவிடாதா? சொல்லாவிட்டால் எதிரே நாற்காலியில் அப்பா. எப்படிப் புரண்டாலும் ஒரு பக்கம் முள். ஒருவேளை அப்பாவுக்குக் காது அவ்வளவு கேட்காது. ஒருவேளை அவள் வேகமாகப் பேசினால் அபர்டீன் பேச்சு அவருக்குப் பிடிபடாது. முப்பத்து நாலு வருஷமாக அந்த ஊரில் இருக்கிற மனிதருக்கா பிடிபடாது? அவருக்கு எல்லாம் பிடிபடும். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் போனில், எதற்கோ நடுவில், பாட்டுக்கு முன்னால ஒரு கதை வேற சொல்லுதியாமே பிள்ள, என்றார். யாரு சொன்னா என்றாள் அவள், குரல் கீச்சிட்டது. சொன்னாவ, என்றார். அது ஊருக்கு ஊரு மாறும்ப்பா, என்று சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேசினாள். அவரும் மழையைப் பற்றிப் பேசினார். அதை அவள் மறந்தே போயிருந்தாள், இப்போது எதற்கு வந்து குறுக்கே நிற்கிறது?

கப்பல் வந்துவிட்டது. அவள் கதையில் சிக்கியிருந்த நேரத்தில் சத்தமில்லாமல் வந்து துறையில் மூக்கை வைத்து நின்றது, வெள்ளையும் கறுப்புமாக, ஒரு கோளாறும் இல்லாமல். முதலில் ரெண்டு கார் இறங்கின, அப்புறம் சைக்கிள்காரர்கள், அப்புறம் சாம்பல் கோட்டு. அதே கோட்டு. அம்மா அடக்கத்துக்குப் போட்டது. கழுத்துவரை பித்தான் போட்டு, வெயிலில், கையில் ஒரு துணிப்பையோடு, முட்டியைக் காப்பாற்றிக் காப்பாற்றி ஏற்றத்தில் ஏறி வந்தார். இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார். ஓடிப்போய்ப் பையை வாங்கவேண்டும் என்று கால் துடித்தது, ஆனால் ஓடிப்போனால், யார் இது என்று மோராக் கேட்பாள். கால் துடித்தது, ஆள் நகரவில்லை. வாசலுக்கு வெளியே நின்று அப்பா நிமிர்ந்து மாடியைப் பார்த்தார். அவள் சட்டென்று ஜன்னலுக்குக் கீழே குந்திவிட்டாள். ஒன்பது வயசில் எப்பேர்ப்பட்ட ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு அப்பா வரமாட்டாரா என்று நின்றாளோ, அப்பேர்ப்பட்ட ஜன்னலின் கீழே, அப்பா பார்த்துவிடக் கூடாது என்று முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவு மணி அடித்தது. மோராக்கின் குரல், அப்பாவின் குரல், வார்த்தை புரியவில்லை, பிறகு மோராக் சிரித்தாள். இப்போது சொல்லியிருப்பார். நான் அவளோட அப்பா என்று சொல்லியிருப்பார். வேறென்ன சொல்வார், அதுதானே அவர். மாடிப்படியில் காலடி கேட்டது, பதினாலு படி, அவள் ஒவ்வொன்றாக எண்ணினாள்.

மோராக் டீயோடு வந்தாள். ஆறடிப் பெண், நரைத்த சடை, முழங்கைவரை மாவு. "ஏன் தரையில உக்காந்திருக்க? உடம்பு சரியில்லையா?"

"தந்தி ஒண்ணு கீழே விழுந்துச்சு, தேடுறேன்," என்றாள் பிலோ. பொய் எப்படித்தான் இப்படி வாயிலேயே காத்துக்கிடக்கிறதோ.

"நல்ல சேதி ஒண்ணு சொல்லட்டுமா? உங்க ஊர்க்காரர் ஒருத்தர் வந்திருக்கார், வயசானவர். உங்க அப்பாவோட ரிக்ல ஒண்ணா வேலை பார்த்தவராம். சிநேகிதராம்." மோராக் டீயை மேசையில் வைத்தாள். "உங்க அப்பா எப்படிப்பட்டவர்னு கேட்டேன். நல்ல சமையல்காரன், உப்பு மட்டும் ஒரு கை கூடப் போடுவான்னார். கோட்டைக் கழட்ட மாட்டேங்கிறார். நாலரைக் கப்பலுக்குப் போகணுமாம்."

"அவர் பேரு என்ன சொன்னார்?"

"சொன்னார், எனக்கு வாயில வரல. உன்கிட்ட சொல்ல வேண்டாம்னார். பாடுறதுக்கு முன்னால பிள்ளைக்கு மனசு கலங்கிரக் கூடாதுன்னார். எனக்குத்தான் பொறுக்கல." மோராக் கதவருகே நின்று திரும்பினாள். "என் வீட்டுக்காரர் காலமோட சிநேகிதர் யாராச்சும் இப்படி வந்து ரெண்டு வார்த்தை சொன்னா எனக்கு எவ்வளவோ ஆறுதலா இருக்கும். அதான் சொல்லிட்டேன்."

கதவு மூடிய பிறகும் பிலோ எழுந்திருக்கவில்லை. பயம் போகவில்லை, இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. அவருக்குத் தெரியும். சிநேகிதனாம். தன் சாவுக்குத் தானே துட்டி கேட்க, துக்கம் விசாரிக்க வந்த மாதிரி கோட்டு போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். எப்போதிருந்து தெரியும்? கதை வேற சொல்லுதியாமே என்று கேட்டது கேள்வியே இல்லை, தெரிந்து சொன்னது. அப்படியானால் அம்மாவின் சாக்கெல்லாம்? சளி, கோயில் கூட்டம், முட்டி வலி. அம்மாவுக்கு அவ்வளவு சாக்கு சொல்லத் தெரியாதே, அம்மா ஒரு பொய் சொன்னால் கழுத்தெல்லாம் சிவந்துவிடும். அவர்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார். சளின்னு சொல்லு செசிலி. நான் போய் நின்னா அந்தப் பிள்ள எப்படிப் பாடும், பொழப்பு கெட்டுரும்லா. ரெண்டு பேரும் சமையலறையில் உட்கார்ந்து பேசியிருப்பார்கள், அவள் பெட்ரோல் போட்டுக்கொண்டு ஊர் ஊராக அவரைக் கொன்றுகொண்டிருந்தபோது. இன்றைக்கு அம்மா இல்லை, ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. எப்படி வந்தால் பிள்ளைக்கு இடைஞ்சல் இல்லை என்று ரயிலில் யோசித்திருப்பார், கப்பலில் யோசித்திருப்பார், உப்பு விஷயத்தைக்கூட அங்கேதான் யோசித்திருப்பார். உப்பு உண்மை. அம்மா அதைச் சொல்லித்தான் அவரிடம் சண்டை போடுவாள். பிலோவுக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து அழுகையாக மாறியது, அழக் கூடாது, அழுதால் குரல் கட்டும். இப்போது எல்லாம் சுலபமாகிவிட்டதே. அவரே வழி விட்டுவிட்டார். வழக்கம்போலச் சொல்லிப் பாடிவிட்டுப் போகலாம், மோராக்குக்கும் காயமில்லை, யாருக்கும் தெரியாது. சுலபம்தான், அப்புறம்? நாலரைக் கப்பலில் அவர் ஏறிப் போய்விடுவார். நல்ல பாட்டும்மா என்று ஊராரோடு வரிசையில் நின்று கை கொடுத்துவிட்டுப் போவார். எழுபத்து மூன்று வயசு. இன்னொரு தடவை வருவாரா? இன்றோடு அவர் நிஜமாகவே திரும்பி வராதவராக ஆகிவிடுவார், அதைச் செய்தது மூடுபனியாக இருக்காது.

கூடத்தில் இருபத்தெட்டுப் பேர். மைக் கிடையாது, மேடை கிடையாது, முன்வரிசைக்காரர்களின் முட்டி அவள் முட்டியைத் தொட்டுவிடும் தூரம். அப்பா மூன்றாவது வரிசையில் ஓரத்தில், குள்ளமான சமையலறை ஸ்டூல் ஒன்றில், கோட்டோடு. அவள் பார்த்தபோது முன்பின் தெரியாதவரைப் போல மரியாதையாகத் தலையை அசைத்தார். பிலோ முதல் பாட்டைப் பாடினாள், இரண்டாவதைப் பாடினாள், கை தட்டினார்கள், எந்தப் பாட்டை எப்படிப் பாடினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. விரல் தானாகப் போனது, வாய் தானாகத் திறந்தது, உள்ளே ஒருத்தி நாலு, அஞ்சு, ஆறு என்று எண்ணிக்கொண்டிருந்தாள். ஆறு முடிந்தது. கதவு நிலையில் மோராக் வந்து நின்றாள், கையில் தட்டு துடைக்கிற துணி. அந்த வீடு முழுக்கத் தெரியும் அடுத்தது என்ன என்று. இருமல்கூட இல்லை. பிலோ ஆறாம் தந்தியின் குமிழைப் பிடித்துத் தளர்த்தத் தொடங்கினாள், வாய் பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில் புறப்பட்டுவிட்டது. என் அப்பா கடல் நடுவில் சமையல்காரர். அப்பாவின் பக்கத்தில் இருந்த அம்மாள் அவர் கையை லேசாகத் தட்டிக்கொடுத்தாள், செத்த சிநேகிதனுக்காக. எனக்கு ஒன்பதாவது பிறந்தநாள். வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். மூடுபனி. இரண்டாம் தந்தி இறங்கியது. அம்மா போன் பக்கத்தில். ஒரு நாள். ரெண்டு நாள். அப்பா குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார், முதுகை வளைத்து, ஊசி போடப் போகிறார்கள் என்று தெரிந்து கையைக் கொடுத்த ஆளைப் போல, பொறுமையாக. மூணு நாள் காத்திருந்தோம். அவர் வரலை.

தந்தி சேர்ந்துவிட்டது. அவள் காதில் விழுந்தது, எல்லார் காதிலும் விழுந்தது. மோராக் கண்ணை மூடிக்கொண்டாள். விரல் பாட்டின் முதல் இடத்துக்குப் போய்விட்டது, இனி இழுக்க வேண்டியதுதான் பாக்கி. அவள் கையை எடுத்து, சேர்ந்திருந்த தந்தியின் குமிழைப் பிடித்து, ஒரு முழுச் சுற்று பின்னால் திருகினாள். தந்தி தொளதொளவென்று தொங்கியது. இரண்டு மூன்று பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"நாலாவது நாள்," என்றாள்.

அதற்குமேல் இங்கிலீஷ் வரவில்லை. எத்தனையோ வருஷமாகச் சொல்லாததால் அந்த வாக்கியமே அவளிடம் இல்லாமல் போயிருந்தது. மூன்றாவது வரிசையைப் பார்த்துத் தமிழில் கேட்டாள். "அப்பா, அந்தக் கேக்கு மேல என்ன எழுதியிருந்தீங்க?"

அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. முதல் வார்த்தை மட்டும் எல்லாருக்கும் தெரியும், அவளே ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்த வார்த்தை. இருபத்தேழு தலை அவள் பார்த்த பக்கம் திரும்பியது. கையைத் தட்டிக்கொடுத்த அம்மாள் தன் கையை எடுத்துக்கொண்டாள். அப்பா வேண்டாம் என்று தலையை ஆட்டினார், சின்னதாக, ரெண்டு தடவை. பிலோ கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உன் பேரத்தான் பிள்ள எழுதினேன்," என்றார். "எங்க தெரிஞ்சுது? அதுமேலதான் ஒரு தடியன் உக்காந்துட்டான்லா."

யாரும் சிரிக்கவில்லை, யாருக்கும் புரியவில்லை. பிலோ அதை இங்கிலீஷில் சொன்னாள், கேக்கை, ஹெலிகாப்டரை, தடியனை, வாசலில் நசுங்கிய டப்பாவோடு நின்றவரை, பிறகு ரேடியோவில் சொன்ன ஆமாமையும். மற்றவர்கள் முகத்தை அவள் பார்க்கவில்லை, கதவு நிலையை மட்டும்தான் பார்த்தாள். மோராக் துணியைக் கையில் முறுக்கிப் பிடித்திருந்தாள், முகம் வெளுத்திருந்தது.

"அப்போ திரும்பி வந்துட்டாரா?" என்றாள் மோராக்.

"வந்துட்டார்," என்றாள் பிலோ. "மன்னிச்சுருங்க மோராக். ஒவ்வொரு தடவையும் வந்துட்டார்."

மோராக் முறுக்கிய துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு அவள் நாற்காலிகளுக்கு நடுவே இடித்துக்கொண்டு நடந்து மூன்றாவது வரிசைக்குப் போனாள். முகம் இளகவில்லை, இளகும் என்று பிலோ எதிர்பார்க்கவும் இல்லை. அப்பா பயந்துபோய் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்தார். மோராக் கையை நீட்டினாள்.

"கோட்டைக் கழட்டிக் குடுங்க," என்றாள். "நாலரைக் கப்பல்ல உங்களை நான் விடமாட்டேன்."

அப்பா பித்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். பிலோ தந்தியை மறுபடி முறுக்கத் தொடங்கினாள். சுருதி சேர ரொம்ப நேரம் ஆனது, அவர்கள் காத்திருந்தார்கள்.